பள்ளி வாசல் சாலையும் மாநகர் மன்ற முடிவும்: நம் பிள்ளைகள் எந்தக் கட்டத்தில் உள்ளே வர முடியும்?

வேம்படி (தொடக்கப் பதிவு, ஞாயிறு இரவு)

வணக்கம். மலேசியாவில், தீவும் பெருநிலமும் சேர்ந்த பினாங்கு மாநிலத்தில் ஓர் இடைநிலைப்பள்ளிக்குப் பக்கத்தில் டியூஷன் நடத்துகிறேன். தீவா பெருநிலமா, எந்தப் பள்ளி, யார் கட்டும் கட்டடம் என்று இங்கே எழுதவில்லை. பெயரைப் போட்டால் பேச்சு அந்தப் பக்கமே போய்விடும்.

பள்ளிக்கு எதிரே முன்பு ஒரு பழைய பட்டறை இருந்தது. அந்த நிலத்தைச் சுற்றித் தகரத் தடுப்பு வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. கட்டடம் இப்போது பதினைந்தாவது மாடியைத் தாண்டிவிட்டது. வீடு கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தின் கார் வாசல் பள்ளி வாசலுக்கு நேர் எதிரே வருகிறது. தடுப்பில் தொங்கும் அறிவிப்புப் பலகையில் உள்ளங்கை அளவு வரைபடம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், அந்த வாசலைத் திறந்தால் நாங்கள் எப்படிக் கடப்போம் என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா?” எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். “அப்படியானால் நாங்களே எண்ணுகிறோம்” என்றாள். படிவம் 4-ல் படிக்கும் பதினாறு வயதுப் பிள்ளைகள் நாலு பேர், என்னிடம் படித்துவிட்டு இப்போது கல்லூரிக்குப் போகும் இருவர், ஆக ஆறு பேர். மூன்று நாள், காலை 6.50 முதல் 7.30 வரை நின்று எண்ணினார்கள். தாள்களை நகலெடுத்து, மாநகர் மன்றத்துக்குக் கடிதம் எழுதி அனுப்பினோம். ஐந்து வாரம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. அப்புறம் ஒன்றுமில்லை.

அதே வாரத்தில் இதே பிள்ளைகளை ஆற்றங்கரைத் துப்புரவுக்குக் கூப்பிட்டார்கள். டி-சட்டை கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். பிள்ளைகள் மனதார வேலை செய்தார்கள், நல்ல காரியம்தான். ஆனால் திரும்பும்போது ஒருவன் கேட்டது என் மனதை விட்டுப் போகவில்லை: “குப்பை அள்ளக் கூப்பிடுகிறார்கள். சாலையைப் பற்றி ஏன் கூப்பிடுவதில்லை?”

ஊர் வளர்கிறது, கார் கூடுகிறது, முடிவுகள் எங்கேயோ நடக்கின்றன. பதினாறு வயதுப் பிள்ளை அந்த முடிவுக்குள் வர உண்மையிலேயே வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

அக்கரை மோட்டார் (ஞாயிறு இரவு)

டீச்சர், உங்கள் பிள்ளைகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்கிறேன். நான் அக்கரையில், அதாவது பெருநிலத்தில், சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறேன். தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. பதினோரு வருடமாக மோட்டாரில்தான் கடலைக் கடக்கிறேன். முதல் பாலம் 1985-ல் திறந்தது, 13.5 கிலோமீட்டர். இரண்டாவது பாலம் 2014 மார்ச்சில் வந்தது, 24 கிலோமீட்டர். 2019 ஜனவரி முதல் மோட்டாருக்கு டோல் இல்லை. அந்த உதவியை நான் மறக்க மாட்டேன், மாதச் செலவில் தெரிந்தது.

ஆனால் நெரிசல் குறைந்ததா? வேலை தீவில், வாங்கக்கூடிய வீடு அக்கரையில். இது இருக்கும்வரை எத்தனை பாலம் போட்டாலும் காலை ஆறரைக்கு அதே வரிசைதான். பள்ளி வாசலில் வெள்ளைக் கோடு போடுவது நல்லது. அதற்காகப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்து மன்றத்துக்கு அலையவிட வேண்டுமா? எஸ்பிஎம் பள்ளியிறுதித் தேர்வு எழுதுகிற வயது. இதெல்லாம் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பினவர்கள் செய்ய வேண்டிய வேலை.

---

சுவடி (திங்கள் காலை)

அண்ணே, ஒரு திருத்தம். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும்தான் நாம் ஓட்டுப் போடுகிறோம். மாநகர் மன்றத்துக்குப் போடுவதில்லை. மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது.

நம் ஊரில் இது எப்போதும் இப்படி இருந்ததில்லை, அதனால்தான் சொல்ல ஆசையாக இருக்கிறது. மலாயாவிலேயே முதல் நகராட்சித் தேர்தல் நடந்தது நம் தலைநகர் ஜார்ஜ்டவுனில், 1951 டிசம்பரில். 1957 ஜனவரி 1 அன்று ஜார்ஜ்டவுன் மாநகரானது. அதன் முதல் மேயர் டி. எஸ். இராமநாதன், தொழிற்கட்சிக்காரர், நம்மவர். அவர் பெயரில் சாலை இருக்கிறது. அதில் தினமும் போகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும்?

1965-ல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். தொடர வேண்டுமா என்று ஆராய அரச விசாரணை ஆணையம் அமைத்தார்கள். அதற்குத் தலைமை தாங்கியவரும் தமிழர்தான், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் தொடர வேண்டும் என்றே ஆணையம் சொன்னது. அரசு ஏற்கவில்லை. 1976-ல் வந்த ஊராட்சி மன்றச் சட்டம் கதவை மூடிவிட்டது. பினாங்கு 2012-ல் தனிச் சட்டம் போட்டுத் திறக்கப் பார்த்தது. 2014-ல் கூட்டரசு நீதிமன்றத்தில் அதுவும் நின்றது.

இப்போது 18 வயதில் ஓட்டு உண்டு. 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2023 மாநிலத் தேர்தலில் என் தங்கை முதல்முறையாக ஓட்டுப் போட்டாள். அவளுக்கு அதிகம் தேவைப்படுவது வீட்டு முன்னால் விளக்கு, நடைபாதை, பேருந்து நிறுத்தம். இவற்றைப் பெரும்பாலும் பார்க்கும் சபைக்கு மட்டும் அவளுக்கு ஓட்டு இல்லை. இதை எப்படிச் சரி என்பது?

---

பழைய கோப்பு (திங்கள் இரவு)

பல வருடம் ஊராட்சி மன்ற அலுவலகங்களில் கோப்போடு வாழ்ந்தவன். ஓய்வு பெற்றுவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், பிள்ளைகள் செய்தது முழுக்கச் சரி. ஆனால் கடிதம் தாமதமாகப் போயிருக்கிறது. பதினைந்து மாடி எழுந்துவிட்டது என்றால், கார் எந்தப் பக்கம் நுழைய வேண்டும் என்பது சில வருடங்களுக்கு முன்பே முடிவாகிவிட்டது. பலகை மாட்டும்போது முடிவெடுக்கும் மேசை காலியாகிவிடும். ஊர்க்காரர்கள் பெரும்பாலும் பலகையைப் பார்த்த பிறகுதான் வருகிறார்கள். என் வேலைக் காலத்தில் எனக்குப் பெரிய வருத்தமே அதுதான்.

ஒழுங்கு இப்படி. மேலே மாநிலக் கட்டமைப்புத் திட்டம். அதற்குக் கீழே உள்ளூர்த் திட்டம். எந்த நிலத்தில் வீடு, எதில் கடை, எவ்வளவு அடர்த்தி, எந்தச் சாலை விரியும் என்பதெல்லாம் வரைபடமாக அதில் வரும். அதற்கும் கீழே ஒவ்வொரு கட்டடத்துக்கும் திட்டமிடல் அனுமதி. பெரிய கட்டடமானால் போக்குவரத்துப் பாதிப்பு ஆய்வு அந்த மனுவோடு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் கட்டட வரைபடம், பலகை, தகரத் தடுப்பு எல்லாம்.

இதில் மூன்று இடத்தில் வெளியாள் உள்ளே வரலாம்.

உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நாலு வாரம் கொடுக்க வேண்டும் என்பது 1976 நகர், கிராமத் திட்டமிடல் சட்டம். தீவுக்கான வரைவை 2022-ல் வைத்தார்கள். நான் பார்க்கப் போன நாளில் அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தலை நரைத்திருந்தது. ஒரு பள்ளிச் சீருடைகூட இல்லை.

இரண்டாவது, திட்டமிடல் அனுமதி. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனியுங்கள். அந்தப் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் இல்லாவிட்டால், மனு வந்ததும் பக்கத்து நில உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டும், 21 நாளுக்குள் அவர் ஆட்சேபிக்கலாம். உள்ளூர்த் திட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டால் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் வரைவைத் தவறவிட்டவர் பெரிய கதவையே தவறவிடுகிறார். அறிவிப்பும் நில உரிமையாளருக்குத்தான் போகும். வாடகைக்கு இருப்பவருக்குப் போகாது. அதே சாலையில் தினமும் இரண்டு முறை நடக்கும் பிள்ளைக்கும் போகாது. சாலையை அதிகம் பயன்படுத்துபவர் பெயர் அந்தப் பட்டியலில் வரவே வராது.

மூன்றாவது, மன்றத்தின் முழுக் கூட்டம். ஊராட்சி மன்றச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைப் படியுங்கள். மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தால் ஒழிய, கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது. உள்குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. பார்வையாளர் பேச முடியாது, உட்கார்ந்து கேட்கலாம். கேட்பதாலேயே நிறையத் தெரியவரும்: எந்த உறுப்பினர் போக்குவரத்தைப் பற்றி அக்கறையோடு பேசுகிறார், யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று.

உங்கள் வாசல் விஷயத்தில் இன்னும் செய்யக்கூடியது இருக்கிறது. முதலில் அந்தச் சாலை யாருடையது என்று கண்டுபிடியுங்கள். கூட்டரசுச் சாலை, மாநிலச் சாலை, மன்றச் சாலை என்று மூன்று வகை. முதல் இரண்டும் பொதுப்பணித் துறையின் பொறுப்பு. தவறான மேசைக்குப் போன கடிதம் “அனுப்பப்பட்டுள்ளது” என்ற பதிலோடு படுத்துவிடும். அடுத்தது, அந்தக் கட்டடத்தின் போக்குவரத்து ஆய்வைப் பார்க்கக் கேளுங்கள். சந்திப்பில் வாகனங்களை எண்ணியிருப்பார்கள். நடந்து கடக்கும் பிள்ளைகளை எண்ணியிருக்கிறார்களா என்று பாருங்கள். எண்ணவில்லை என்றால், உங்கள் ஆறு பேரின் தாள்தான் அந்தச் சாலையில் இருக்கும் ஒரே கணக்கு. அதைப் பத்திரமாக வையுங்கள்.

---

நிலா 19 (திங்கள் இரவு)

நான் அந்த ஆறு பேரில் ஒருத்தி. டீச்சர் சொல்லி எழுதவில்லை, நானாகத்தான் சேர்ந்தேன்.

அக்கரை அண்ணனுக்கு: தூக்கம் கெட்டது உண்மைதான். அந்த நேரத்துக்கு எப்படியும் அங்கே இருப்பவர்கள்தானே நாங்கள்? 6.50-க்கு இங்கே இன்னும் விடிந்திருக்காது. முதல் நாள் பேருந்து நிறுத்தக் கூரைக்கு அடியில் நின்று, தாளில் கோடு போட்டேன். நாலு நேர்க் கோடு, ஐந்தாவது குறுக்கே. தூறல் விழுந்தது. பேனா மை கரைந்து, முதல் பத்து நிமிடக் கணக்கு நீலக் கறையாகிவிட்டது. மறுநாள் பென்சில் கொண்டுபோனோம்.

எண்ண ஆரம்பித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஐந்து வருடம் அந்த வாசலில் கடந்திருக்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை. பிள்ளைகள் வாசலுக்கு நேராகக் கடப்பதில்லை. நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) விற்கும் அம்மாவின் மேசைக்கு நேராகக் கடக்கிறார்கள், வாசலிலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி. பசியாற வாங்கிக்கொண்டு அப்படியே குறுக்கே ஓடுவார்கள். பழைய வெள்ளைக் கோடு பாதி அழிந்து வாசல் பக்கம் கிடக்கிறது. அதன்மேல் நடப்பவர்கள் ரொம்பக் குறைவு. அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடம் போடுபவருக்கு அந்த மேசை தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. பெற்றோரின் கார் இடதுபக்கம் இரட்டை வரிசையாக நிற்கும். அதற்கு நடுவிலிருந்து சின்னப் பையன் வெளியே வரும்போது, வருகிற மோட்டாருக்கு அவன் தலைதான் தெரியும். மூன்று நாளில் இரண்டு முறை ஒரு மோட்டார் அங்கிள் சக்கரத்தைத் தேய்த்து நிறுத்தினார். அந்தச் சத்தம் கேட்டபோது எண்ணிக்கொண்டிருந்த கை தானாக நின்றுவிட்டது.

எங்களைக் கூப்பிடும் கூட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு வருடத்தில் மூன்று இளைஞர் கலந்துரையாடலுக்குப் போயிருக்கிறேன். எல்லாமே சனிக்கிழமை காலை, மண்டபத்தில். ஒட்டும் தாளில் “உங்கள் கனவு நகரம்” எழுதச் சொல்வார்கள். எழுதுவோம், சுவரில் ஒட்டுவோம், சாப்பாடு, படம், வீடு. நான் எழுதிய தாள் அப்புறம் எங்கே போனது என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. எனக்குக் கனவு நகரம் வேண்டாம். நாங்கள் சொன்னதில் எதை ஏற்றார்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று ஒரு தாள் திரும்பி வந்தால் போதும்.

---

லெபோ பாசார் (செவ்வாய் மதியம்)

ஜார்ஜ்டவுன் லிட்டல் இந்தியாவில் எங்களுக்குத் துணிக்கடை. அப்பா காலத்திலிருந்து. கடைக்காரன் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

மன்றத்து மேசையில் யாராவது ஒரு கூட்டம் அழுத்திச் சொன்னால் உடனே வாகன நிறுத்தத்தில்தான் கை வைப்பார்கள். நடைபாதையை அகலப்படுத்து, மஞ்சள் கோடு போடு, சாலையை மூடு. சுற்றுப்பயணிக்கு அது அழகு. திருமணத்துக்குப் பட்டு எடுக்க பாரிட் புந்தாரிலிருந்து அம்மா, பாட்டி, மூன்று பிள்ளைகளோடு வரும் குடும்பத்துக்கு? அவர்கள் இரண்டு முறை சுற்றிப் பார்ப்பார்கள், இடம் கிடைக்காவிட்டால் பேரங்காடிக்குப் போய்விடுவார்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம்தான் எங்களுக்கு வருடம். சரக்கு லாரி எத்தனை மணிக்குள் இறக்க வேண்டும் என்பதுகூட எங்கள் பிழைப்பு.

ஆனால் இன்னொன்றும் உண்மை. அக்கரை தம்பி சொன்ன நெரிசலுக்கு வேர் எங்கள் தெருவில் இருக்கிறது. 1990-களில் இந்தக் கடைகளின் மாடியில் எல்லாம் குடும்பம் இருந்தது. மாலையில் பிள்ளைகள் ஐந்தடியில் (கடை முன் நடைபாதையில்) ஓடுவார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கினார்கள், 1999-ஆம் வருடக் கடைசியோடு அது முடிந்தது. 2000-த்திலிருந்து ஒவ்வொரு மாடியாகக் காலியானது. 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் சேர்ந்தது, பெருமைதான். மாடிகள் ஹோட்டலாகின. அங்கே இருந்தவர்கள் புறநகரில் ஆயர் ஈத்தாம், பார்லிம் போனார்கள். அவர்கள் பிள்ளைகள் இப்போது அக்கரையில் வீடு வாங்கி, காலையில் காரில் திரும்பி வருகிறார்கள். முன்பு படி இறங்கினால் வேலை, இப்போது பாலம் தாண்டினால் வேலை. வீட்டைப் பற்றி எடுத்த முடிவுதான் இருபது வருடம் கழித்துச் சாலையில் வந்து நிற்கிறது.

அன்று அந்த முடிவை எடுத்தபோது எனக்கு வயது பதினேழு. என்னை யாரும் கேட்கவில்லை, கேட்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை.

---

பன்னிரண்டாம் மாடி (செவ்வாய் இரவு)

எல்லாரும் பிள்ளைகளைப் பாராட்டுகிறீர்கள், நானும்தான். ஒரு பயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 28 வயது. கணவரும் நானும் வேலை செய்கிறோம், ஒரு குழந்தை, வாடகை அடுக்குமாடி. தீவில் வீடு வாங்க மூன்று வருடமாகத் தேடுகிறோம். எங்கே புதுக் கட்டடம் வந்தாலும் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) தரைவீட்டுக்காரர்கள் பதாகை மாட்டுகிறார்கள்: நெரிசல், பள்ளி, பாதுகாப்பு. அவர்கள் வீட்டு முன்னால் மூன்று கார் நிற்கும். அந்தப் பதாகையின் மறுபக்கத்தில் என் குடும்பம் இருக்கிறது. நாளைக்கு இந்தப் பிள்ளைகளின் எண்ணிக்கைத் தாளை யாராவது எடுத்துக்கொண்டுபோய், கட்டடமே வேண்டாம் என்பதற்குச் சாட்சியாக வைத்தால்?

பங்கேற்பு என்று சொல்லி, ஏற்கெனவே வீடு உள்ளவர்களின் குரல் இன்னும் பெரிதாகக் கூடாது. இளையவர்களுக்குத்தான் வீடு அதிகம் தேவை.

---

வேம்படி (செவ்வாய் இரவு)

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நன்றி. எங்கள் கடிதத்தில் கட்டடத்தை நிறுத்தச் சொல்லி ஒரு வரியும் இல்லை. மூன்று கேட்டோம்: கார் வாசலைப் பின்பக்க லோரோங்குக்கு (சந்துக்கு) மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் காலை 6.45 முதல் 7.40 வரை லாரியும் கட்டடப் பொருள் வண்டியும் வரக் கூடாது. பிள்ளைகள் உண்மையில் கடக்கும் இடத்தில், நாசி லெமாக் மேசைக்கு நேரே, கடப்பு வேண்டும்.

ஆனால் நீங்கள் சொன்ன பிறகு நாலாவதாக ஒரு வரி சேர்க்கலாம் என்று நிலா சொல்கிறாள்: “இந்த வீடுகள் வருவதை நாங்கள் எதிர்க்கவில்லை. இதில் குடிவரும் பிள்ளைகளும் இதே வாசலில்தான் கடப்பார்கள்.” சேர்த்துவிட்டோம்.

---

பன்னிரண்டாம் மாடி (செவ்வாய் இரவு)

அந்த வரிக்கு நன்றி, அக்கா. என் கையெழுத்தும் வேண்டுமானால் போடுகிறேன்.

---

அக்கரை மோட்டார் (புதன் காலை)

நிலா தங்கச்சி, சக்கரத்தைத் தேய்த்து நிறுத்திய அந்த மோட்டார்க்காரன் நானாகவும் இருக்கலாம். எந்தப் பள்ளி என்று தெரியாது, ஆனால் எல்லாப் பள்ளி வாசலிலும் காலையில் அதே அவசரம்தான் எங்களுக்கு. கண்டிப்பாகப் பாடம் கற்றுக்கொண்டேன்.

பேருந்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? மாதம் 50 வெள்ளி (ரிங்கிட்) அட்டை எடுத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். ஜார்ஜ்டவுனுக்குள் ‘கேட்’ (CAT) என்ற நகரப் பேருந்துக்குக் காசே இல்லை. 2023-ல் புது ஃபெர்ரி வந்தது, மோட்டாரையும் ஏற்றிக்கொள்ளும். இருந்தும் நான் ஏறாததற்குக் காரணம் ஷிஃப்ட். என் வேலை முடியும் நேரத்துக்கு வீட்டுப் பக்கம் பேருந்து கிடையாது. எல்ஆர்டி நகர ரயில் வேலை 2025 ஜனவரியில் தொடங்கியது, ஜார்ஜ்டவுன் கொம்தாரிலிருந்து கடல் தாண்டி அக்கரையில் பினாங்கு சென்ட்ரலுக்கும் வரும், 2031-ல் ஓடும் என்கிறார்கள். வரட்டும், வேண்டும். ஆனால் நிலையத்திலிருந்து தாமான் வரைக்கும் அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டரை யார் பார்ப்பார்கள்? நடைபாதை, கூரை, விளக்கு எல்லாம் மன்றத்து வேலைதானே? அதைக் கேட்க வேண்டிய வயதுக்காரர்கள் இப்போது படிவம் 4-ல் இருப்பவர்கள். 2031-ல் அவர்கள்தான் வேலைக்குப் போவார்கள்.

---

சுவடி (புதன் மதியம்)

கடைசி இரண்டு கிலோமீட்டர்! இதைத்தான் நிலையங்களின் வரைபடம் இறுதியாகும் முன்பே கேட்க வேண்டும். பழைய கோப்பு ஐயா சொன்ன அதே கணக்கு.

அப்புறம் ஒன்று. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும் சாலையை நினைத்துப் பாருங்கள். தண்ணீர்ப் பந்தலில் நிற்பவர்கள் யார்? பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். காவடி வரும்போது கூட்டத்தை எந்தப் பக்கம் ஒதுக்குவது, தள்ளுவண்டிக் குழந்தையை எப்படி விடுவது, குப்பைப் பையை எங்கே வைத்தால் கால் தடுக்காது, எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. என் தங்கை மூன்று வருடமாக நிற்கிறாள். ஒரு சந்திப்பில் ஜனம் எப்படி நகரும் என்று அவளிடம் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவாள். இந்த அனுபவத்தை ஒரு போக்குவரத்துக் குழுவும் இதுவரை அவளிடம் வந்து கேட்டதில்லை.

---

பழைய கோப்பு (புதன் இரவு)

தேர்தல் திரும்ப வர வேண்டும் என்பதில் சுவடியோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அது வந்தாலும் பதினாறு வயதுக்கு ஓட்டு வராது. அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை, நம் ஊரிலேயே செய்து பார்த்த ஒரு வழி இருக்கிறது.

2012-ல் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் தீவு, பெருநிலம் இரண்டின் மன்றங்களோடும் சேர்ந்து பங்கேற்பு வரவு செலவுத் திட்டம் தொடங்கியது. ஜாலான் சுங்கை மக்கள் வீடமைப்பிலும் பெருநிலத்தில் அம்பாங்கானிலும் முதலில் நடந்தது. குடியிருப்பவர்களை ஆண், பெண், முதியோர், இளையோர், மாற்றுத்திறனாளி என்று தனித்தனிக் குழுவாக உட்கார வைத்து, என்ன வேண்டும் என்று பேச விட்டார்கள். பிறகு ஒவ்வொருவர் கையிலும் பொய்ப்பணம் கொடுத்து, எதற்கு எவ்வளவு என்று அவர்களையே போடச் சொன்னார்கள். தனிக் குழு என்பது முக்கியம். அப்பாவும் மகளும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தால் மகள் வாய் திறக்க மாட்டாள். நம் வீட்டுப் பழக்கம் நமக்குத் தெரியாதா?

நிலா கேட்ட “திரும்பி வரும் தாள்” அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. பணம் எதற்குப் போனது என்பது கண்ணுக்குத் தெரியும். மன்ற உறுப்பினரைப் பார்க்கும்போது இந்த முன்மாதிரியைச் சொல்லுங்கள். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொன்னால் அதிகாரி தயங்குவார். செய்ததை மறுபடி செய்யச் சொன்னால் கோப்பைத் தேடுவார்.

---

லெபோ பாசார் (வியாழன்)

ஐயா, இதைக் கடைக்காரர்களுக்கும் வைத்தால் நானே முதலில் வருவேன். வாகன நிறுத்தம் எத்தனை, சரக்கு இறக்கும் நேரம் எத்தனை, நடைபாதை எத்தனை என்று நாங்களும் நடப்பவர்களும் எதிரெதிரே உட்கார்ந்து பங்கு போடட்டும். ஒளித்துவைத்து முடிவெடுப்பதால்தான் சண்டை வருகிறது.

---

வேம்படி (பதினெட்டு நாள் கழித்து)

நடந்ததைச் சொல்கிறேன்.

ஐயா சொன்னபடி முழுக் கூட்டத்துக்குப் போனோம். நானும் நிலாவும் இன்னும் இரண்டு பிள்ளைகளும். சீருடை போடாமல், நல்ல உடையில். வாசலில் அடையாள அட்டையைப் பார்த்தார்கள், பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். இரண்டு மணி நேரம். பாதி எங்களுக்குப் புரியவில்லை. சாலைச் சந்திப்புகளைப் பற்றி ஓர் உறுப்பினர் விடாமல் கேள்வி கேட்டார். நிலா அவர் பெயரைக் குறித்துக்கொண்டாள். கூட்டம் முடிந்ததும் வெளியே நின்று அவரிடம் தாள்களைக் கொடுத்தாள். பென்சில் கோடுகளோடு அசலையே கொடுத்தாள், நகலை இல்லை.

அவர் அடுத்த வாரம் ஒரு நாள் காலை 6.50-க்குத் தானே வந்தார். நாசி லெமாக் அம்மாவின் மேசைப் பக்கத்தில் நாற்பது நிமிடம் நின்றார். அதிகம் பேசவில்லை. ஒரு பையன் இரண்டு காருக்கு நடுவிலிருந்து ஓடியபோது, அவர் கை தானாக முன்னால் நீண்டது. அதை நான் பார்த்தேன்.

இதுவரை கிடைத்தது: பள்ளி நேரத்தில் கட்டடத்து லாரி வரக் கூடாது என்று கட்டுபவர்களுக்கு எழுத்தில் போயிருக்கிறது. நேற்றிலிருந்து வரவில்லை. கார் வாசலை மாற்றுவது கஷ்டம் என்று நேராகவே சொல்லிவிட்டார், அனுமதி வாங்கியாகிவிட்டது. பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான், மறைக்கவில்லை. கடப்பு விஷயத்தில், ஐயா சந்தேகப்பட்டதுபோலவே, சாலை மன்றத்துடையது இல்லை. வேறு துறைக்குப் போக வேண்டும். அங்கே ஒருவர் சொன்னார், மூன்று நாள் கணக்கு போதாது, மழை நாளும் வேண்டும், சாலையின் இரு பக்கமும் வேண்டும், மாலையிலும் வேண்டும் என்று. முதலில் எனக்குக் கோபம் வந்தது. நிலாவுக்கு வரவில்லை. “கேட்கிறார்கள் என்றால் படிக்கப் போகிறார்கள் டீச்சர்” என்றாள்.

வரும் செவ்வாய் மறுபடி தொடங்குகிறோம், ஐந்து நாள். படிவம் 4 பிள்ளைகள் இப்போது ஒன்பது பேர். மாலைக் கணக்குக்குப் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும். வர முடிந்தவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள், இடத்தைச் சொல்கிறேன்.

---

அக்கரை மோட்டார் (அன்றிரவு)

செவ்வாய், புதன் இரண்டு நாளும் எனக்கு இரவு ஷிஃப்ட். மாலையில் வருகிறேன். செய்தி அனுப்பியிருக்கிறேன்.

---

நிலா 19 (அன்றிரவு)

நன்றி அண்ணா. பேனா வேண்டாம், பென்சில் கொண்டு வாருங்கள். தாளுக்கு அடியில் வைக்கக் கெட்டி அட்டை எங்களிடம் இருக்கிறது.